“முடிவைச் சொல்லாதே!” – நாவலும் நாமும்

நூற்றாண்டு மலர் என்றால் அதில் அதிபர்களின் வரிசை இருக்கும், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய நாட்கள் இருக்கும், விளையாட்டுப் போட்டியில் வென்ற கேடயங்களின் படங்கள் இருக்கும். இவையெல்லாம் இம்மலரிலும் உண்டு. உரியவர்கள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நாம் எழுத எடுத்துக்கொண்டது எந்தக் கூட்டக் குறிப்பேட்டிலும் பதியப்படாத ஒரு விடயம். மாளிகாவத்தையிலிருந்தும் மருதானையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வந்து ஒரே வாங்கில் இருந்து படித்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவரையொருவர் கேட்டு வந்த கேள்வி ஒன்று இருக்கிறது: “கதை எப்படி?” பதில் சொல்லத் தொடங்கியதும் எதிரே இருப்பவள் காதைப் பொத்திக்கொண்டு, “முடிவைச் சொல்லாதே!” என்பாள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் நடந்ததுதான் எமது வாசிப்பின் வரலாறு.

இதை எழுத வேண்டும் என்று நாம் நினைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் நாவலின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் நல்லனவாகவே இருக்கின்றன. பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வந்தது. கலாநிதி நா. சுப்பிரமணியம் ‘ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்’ எழுதினார். எழுதியவர் யார், எந்த ஆண்டில், எந்த நோக்கில் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். வாசித்தவர் யார், வாசித்துவிட்டு அடுத்த வீட்டுக்காரியிடம் என்ன சொன்னாள் என்பதைத் தேடினால் அது எங்கேயும் இல்லை. அந்தப் பேச்சைப் பேசியவர்களில் மூத்தவர்கள் ஒவ்வொருவராக எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நாவல் என்ற சொல் வருமுன்னரே எமது வீடுகளில் கதை இருந்தது. உம்மும்மாமாரின் தலைமுறையில் தமிழ் எழுத்துக் கற்றுக்கொள்ளாத பெண்கள் பலர். ஆனால் அவர்கள் குர்ஆன் ஓதக் கற்றவர்கள், ஆகவே அறபு எழுத்து அவர்களுக்குத் தெரியும். அந்த எழுத்தில் தமிழை எழுதுவதே அறபுத் தமிழ். மாலைகளும் முனாஜாத்துகளும் கிஸ்ஸாக்களும் அப்படித்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தன. ஒருத்தி ராகத்தோடு வாசிப்பாள், மற்றவர்கள் பாய் விரித்து இருந்து கேட்பார்கள், இடையில் நிறுத்திக் கேள்வியும் கேட்பார்கள். ‘நூறு மசலா’ அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்ததில் வியப்பில்லை. அதில் ஓர் இளவரசி நூறு விடுகதைகளைப் போடுவாள். பதில் சொல்ல வேண்டியது அவளை மணக்க வந்த ஆண். கேட்கிற இடத்தில் பெண் இருக்கும் கதை அது. கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் பாரசீகக் கதை ஒன்றைத் தழுவி அறபுத் தமிழில் எழுதிய ‘மதீனத்துன் நுஹாஸ்’ 1858இலேயே வந்துவிட்டதென்றும், தமிழின் முதல் நாவலாக அதைத்தான் கொள்ள வேண்டுமென்றும் சொல்வோர் உண்டு. அந்த வழக்கைத் தீர்ப்பது எமது வேலையல்ல. பெண்கள் கூடியிருந்து கதை கேட்டு அபிப்பிராயம் சொல்வது பள்ளிக்கூடம் கற்றுத்தந்த பழக்கம் அல்ல என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறோம். பள்ளிக்கூடம் தந்தது தமிழ் எழுத்து. அதனால் கூட்டத்தில் கேட்டதைத் தனியாக இருந்தும் வாசிக்க முடிந்தது. தனியாக வாசித்ததைப் பிறகு கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1885இல், அறிஞர் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ கொழும்பில் வந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் ஒரு முஸ்லிம் எழுதியது என்பதை நாம் ஒவ்வொருவரும் தமிழ்ப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எமது அயல் முழுவதும் இருக்கிறது. கண்டியில் பிறந்து வழக்கறிஞராக இருந்த சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் எகிப்தின் அறபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்தார். எகிப்து அன்று கொழும்பு முஸ்லிம்களின் வாயில் தினமும் அடிபட்ட பெயர். நாவலின் நாயகன் எகிப்தில் பிறந்து, குழந்தையாகத் திருடப்பட்டு, பம்பாயிலும் கல்கத்தாவிலும் வளர்ந்து, தன் பிறப்பைத் தேடிப் போகிறான். இதே மனிதர்கள் கூடிப் பேசியதன் விளைவாகவே 1892இல் மருதானையில், பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை எழுந்தது. பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதி, கண்டியில் அதற்கெனப் பள்ளியும் தொடங்கியவர் சித்திலெப்பை.

நாவலை முழுவதும் வாசித்தவர்கள் எம்மில் ஒரு சிலரே. வாசித்தவர்களும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அந்த ஓட்டம் பிடித்தது: கடத்தல், கடற்பயணம், அடையாளம் காணல் என்று நிற்காமல் ஓடுகிறது. மற்றக் கட்சிக்கு அசன்பே மிதமிஞ்சி நல்லவனாக இருந்தான். “இவ்வளவு நல்லவனுக்கு ஆபத்து வந்தால் எனக்குப் பயமே வரவில்லை” என்று எம்மில் ஒருத்தி சொன்னது எமக்கு நல்ல விமர்சனமாகவே பட்டது.

பெண்கள் எழுதத் தொடங்கியது இதன் பின்பு. யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா 1914இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதினார். ஈழத்துப் பெண்ணொருத்தியின் முதல் நாவல் அது. துன்பப்படும் மனைவியின் பொறுமையைக் கிறிஸ்தவப் பக்தியோடு சொல்கிற கதை. இன்று அதை வாசிக்கும்போது அந்தப் பொறுமை எமக்குக் கோபத்தைத் தருகிறது. ஆனாலும் அந்தத் துன்பத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து அச்சில் வைத்ததே ஒரு துணிவுதான். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை எழுதினார். எமது வகுப்பில் எவரும் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருந்தால், “முஸ்லிம் பெண்ணுக்கு நாவல் எதற்கு?” என்று கேட்ட பெரியவர்களுக்கு ஒரு பதில் கையில் இருந்திருக்கும்.

எமது சங்கம் பிறந்த 1920களுக்கு வருவோம். கொழும்பில் மாநகர சபையின் பொது நூலகம் 1925இல் அமைந்தது. அதே ஆண்டில் சென்னையில் வை.மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ சஞ்சிகையைத் தன் பொறுப்பில் எடுத்தார். 115 நாவல்கள் எழுதிய பெண்மணி அவர். அந்த நாட்களில் நாவல் என்றால் வீடுகளில் சந்தேகம் இருந்தது. துப்பறியும் கதைகளும் காதல் கதைகளும் பெண் பிள்ளையின் தலையைக் கெடுத்துவிடும் என்பதில் வாப்பாமாருக்கும் அப்பாமாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சமய வேற்றுமை தெரியாத ஒற்றுமை அது. ஆகவே புத்தகத்துக்கு மண்ணிற உறை போட்டு, அதன் மேல் பூமிசாஸ்திரம் என்று எழுதுகிற கலை எமது பாடசாலையில் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டது. ஒளித்து வாசித்த புத்தகத்தைப் பற்றி ஒளித்துத்தான் பேசவும் முடியும். இடைவேளையில், பஸ் தரிப்பிடத்தில், குழாயடியில், கை கழுவும் வரிசையில் பேசினார்கள். அந்தப் பேச்சு குறிப்பேட்டில் ஏறாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த ஒளிவு மறைவை உடைத்தவர் கல்கி. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவற்றுக்குப் பிறகு 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தது. சரித்திரம் என்பதால் அதற்கு வீட்டில் அனுமதி கிடைத்தது, வாப்பாமாரும் வாசித்தார்கள். சஞ்சிகை இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரவேண்டும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்குக் கோச்சி என்று இருந்த காலம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்தப் பாதை இருந்தது. ஒரு பிரதி ஒரு வீட்டுக்கு வரும், ஒரு கிழமைக்குள் ஆறு வீட்டுக்குப் போகும். கடைசி வீட்டுக்காரி மற்ற ஐந்து பேரையும் சந்திக்காமல் ஒதுங்கி நடப்பாள், யாராவது வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில்.

அதைப் பற்றி எமது மூத்தவர்கள் பேசியதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்குக் கல்கி தெளிவான விடை வைக்கவில்லை. சென்னையில் அதைப் பற்றி எப்படிப் பேசினார்களோ தெரியாது. எமது பகுதியில் அது இரு வீட்டார் உறவையே பாதிக்கிற விவகாரம். நந்தினிக்காக வாதாடியவர்கள் எப்போதும் சிறுபான்மை. குந்தவையைப் புகழாதவர் இல்லை, ஆனால் குந்தவையோடு சிநேகிதமாக இருக்க விரும்பியவரும் குறைவு. “அவ எங்கட அதிபர் மாதிரி” என்பது பொதுவான தீர்ப்பு. பூங்குழலிதான் எல்லோருக்கும் வேண்டியவள். தனியாகப் படகு வலித்து இலங்கைக்கு வந்து போகிற பெண்ணை வேறு எந்தக் கதையில் கண்டோம்?

தமிழகத்து வாசகிக்கு இல்லாத ஒரு சங்கடமும் எமக்கு இருந்தது. அந்த நாவலின் இரண்டாம் பாகம் இலங்கையில் நடக்கிறது. சோழர் படை இங்கே வந்திருக்கிறது, இளவரசர் அநுராதபுரத்தில் பெரஹராவின் நடுவே நிற்கிறார், பிக்குமார் அவருக்குச் சிம்மாசனத்தைக் கொடுக்க வருகிறார்கள், அவர் மறுக்கிறார். தமிழகத்தவருக்கு அது பெருந்தன்மை. சிங்களம் பேசும் அயலவர்களோடு ஒரே மதிலைப் பகிர்ந்துகொண்ட எமக்கு, படையெடுத்து வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படையெடுத்து வந்தவரே என்ற எண்ணம் கூடவே எழுந்தது. 1956க்குப் பிறகு, தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு, அதே அத்தியாயங்களைத் திருப்பி வாசித்த அக்காமார் சிலர் அதற்கு எதிர்மாறாக உணர்ந்தார்கள். ஒரே அத்தியாயம், ஒரே வாங்கு, இரண்டு வாசிப்பு. கோபிக்காமல் அதைப் பேச முடிந்தது என்பதைத்தான் பின்னாளில் நாம் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டோம்.

தொடர்கதையைக் கிழித்தெடுத்துக் கட்டுவித்த தொகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊசியும் தடித்த நூலும் கொண்டு தைத்து, மட்டை ஒட்டுவார்கள். வசதியுள்ளவர்கள் அச்சகத்தில் கொடுத்துக் கட்டுவிப்பார்கள். அவற்றில் மணியத்தின் சித்திரங்கள் இருக்கும். கதை முடிகிற பக்கத்தின் மறுபுறத்தில் தலைவலி மருந்து விளம்பரமும் பாதி நகைச்சுவைத் துணுக்கும் இருக்கும். முன் மட்டையின் உள்ளே வாசித்தவர்கள் கையெழுத்து வைத்திருப்பார்கள். ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கும்: ‘பாவம் வானதி’, ‘இது நடக்கக் கூடியதா?’, ‘எனக்கு முடிவு பிடிக்கவில்லை’, அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்தில், ‘உனக்கு எதுதான் பிடிக்கும்?’ புத்தகத்தில் கிறுக்குவது பிழை என்று டீச்சர்மார் சொன்னார்கள். சொன்னது சரிதான். ஆனால் எமது பெண்களின் இலக்கிய விமர்சனம் எழுத்தில் எஞ்சியிருக்கிறதென்றால் அந்தக் கிறுக்கலில்தான் இருக்கிறது.

1950களின் கடைசியில் எமது நாட்டுக் கதையும் பத்திரிகையில் வரத் தொடங்கியது. கைலாசபதி ‘தினகரன்’ ஆசிரியராக இருந்தபோது இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ அதில் தொடராக வந்தது. சுபைர் என்ற இயற்பெயர் கொண்ட இளங்கீரன் எழுதியது தொழிலாளர்களையும் சாதாரண குடும்பங்களையும் பற்றி. சோழ இளவரசிகளில் மூழ்கியிருந்த எமது அக்காமாருக்கு அது முதலில் சப்பென்று இருந்ததாம். பிறகு, தங்கள் ஒழுங்கையில் நடப்பதையே யாரோ எழுதுகிறார்கள் என்ற ஆச்சரியம் வந்ததாம். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் கதையை ஒரு பெண் எழுதினார். எமது வகுப்புகளில் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் புத்தகம் கைமாறும்வரை, அவர்களது பாட்டன் பாட்டிமார் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்று அவர்களிடம் எவரும் கேட்டதில்லை.

எமது காலத்தின் மிகப் பெரிய தர்க்கம் ஜெயகாந்தனால் வந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாசகர்களின் அபிப்பிராயமே ஒரு நாவலைப் பிறப்பித்த கதை அது. 1966இல் ‘ஆனந்த விகட’னில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை வந்தது. மழை நேரத்தில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவி வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் முதலில் கதறுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி, விடயத்தைத் தன்னோடு வைத்துக்கொள்கிறாள். வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். முடிவை மாற்றி வேறு எழுத்தாளர்கள் கதை எழுதினார்கள். அப்போது ஜெயகாந்தன், தாய் அப்படிச் செய்யாமல் ஊர் கேட்கக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதத் தொடங்கினார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று நூலானது அதுதான். அந்த நாவலில் கங்கா தன் கதையைப் போன்ற ஒரு கதையைச் சஞ்சிகையில் வாசிக்கிறாள். அங்கே தாய் தண்ணீர் ஊற்றினாள், இங்கே தாய் கத்தினாள் என்ற வேறுபாட்டிலேயே அவள் வாழ்க்கை நிற்கிறது.

மாளிகாவத்தையில் இந்த நாவலைப் பற்றிப் பேசியவர்கள் ஜெயகாந்தனைப் பற்றிப் பேசவே இல்லை. தம் உம்மாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும்தான் பேசினார்கள். “உங்கட உம்மா தண்ணி ஊத்துவாவா, கத்துவாவா?” இதுதான் கேள்வி. கேட்டவள் பகிடியாகத்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்த ஒருவருக்கும் பதில் வரவில்லை. “என்ட உம்மா கத்த மாட்டா, தண்ணியும் ஊத்த மாட்டா. படிப்பை நிப்பாட்டிப் போடுவா” என்று ஒருத்தி கடைசியில் சொன்னாள். வாங்கு முழுவதும் அமைதியாகிவிட்டது, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எந்த இலக்கிய மண்டபத்தில் எந்தப் பேராசிரியரும் அந்த நாவலைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒன்றைச் சொல்லி நாம் கேட்டதில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களில் பலர் பின்னர் உம்மாவானார்கள், அம்மாவானார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தவர்களும் உண்டு. அதை அவர்கள் தமக்குள் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து தென்னிந்தியச் சஞ்சிகைகள் வருவது சுருங்கிப்போனது. முதலில் அழுதோம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வெற்றிடத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் கைக்கடக்கமான விலையில் வந்தன. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ எம்மை நெடுந்தீவு மீனவரிடம் கூட்டிப்போனது. 1978இல் அது படமாகவும் வந்தது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வன்னிக் காட்டோரத்துப் பதஞ்சலியை எமக்குக் காட்டியது. திருகோணமலை ந. பாலேஸ்வரியின் குடும்பக் கதைகளும் அந்த வரிசையில் வந்தன. மெரினாக் கடற்கரையையும் மயிலாப்பூரையும் மனப்பாடமாக அறிந்திருந்த நாம், எமது நாட்டின் வடக்கும் கிழக்கும் எப்படி மணக்கும் என்று அறிந்தது அப்போதுதான். 1977க்குப் பிறகு கதவு திறந்தது, சஞ்சிகைகள் திரும்பி வந்தன, செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போனால் இந்தியப் புத்தகங்கள் குவிந்திருந்தன. சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி என்று ஒரு பெரிய வரிசை. ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் நேரில் போய் இருந்து எழுதினார் என்பதை எமக்குச் சொல்லித்தந்தவர் நூலகப் பொறுப்பாயிருந்த ஒரு டீச்சர். ரமணிசந்திரனை இங்கே குறிப்பிட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பிள்ளை பெற்ற வீட்டில், நோயாளி பக்கத்தில், வெளிநாட்டுக் கணவனின் கடிதத்துக்குக் காத்திருந்த இரவில் எம்மைத் தூங்க வைத்தவர் அவர். அவரைப் பற்றிய விவாதம் ஒருபோதும் நீண்டதில்லை, “புதிசு ஏதும் வந்ததா?” என்பதோடு முடிந்துவிடும்.

பிறகு 1983 ஜூலை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த எமது சிநேகிதிகள் பலர் வீட்டை இழந்தார்கள். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வராத பட்டியலில் அந்த ஆண்டுக்குத் தனி இடம் உண்டு. கேட்கவும் முடியாது, கேட்க ஆளும் இல்லை. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் சிட்னிக்கும் போனார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போனார்கள். கொழும்பில் உறவினர் வீடுகளில் வந்து சேர்ந்தவர்களை நாமே கண்டோம். ஒரே வாங்கில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் அந்த ஆண்டுகளில் குறுகிப்போயின. சுகம் விசாரிப்போம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுவோம். வாசித்த கதையைப் பற்றி எழுதுவதை நிறுத்தியிருந்தோம். எந்தக் கதையைப் பேசினாலும் அது வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடும் என்ற பயம்.

புலம்பெயர்ந்தவர்கள் வேறு விதத்தில் தொடர்ந்தார்கள். ஜேர்மனியில் 1988இல் தொடங்கி நகரத்துக்கு நகரம் மாறி நடந்த இலக்கியச் சந்திப்புகளும், அவற்றுக்குப் பின் வந்த பெண்கள் சந்திப்புகளும், வேலை முடிந்த களைப்போடு ரயிலேறி வந்து புத்தகத்தைப் பற்றி நாள் முழுவதும் சண்டை பிடிக்கிற இடங்களாக இருந்தன என்று போனவர்கள் சொன்னார்கள். கொழும்பில் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் எமக்கு உதவியது. 1942இல் தொடங்கிய சங்கம் அது. டொமினிக் ஜீவா ‘மல்லிகை’யை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கொண்டுவந்தார். 2000இல் ‘ஞானம்’ தொடங்கியது.

எம்மைத் திரும்பப் பேச வைத்தது 2004இல் வந்த ஒரு நாவல்: சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் முஸ்லிம் பெண்கள், வீட்டுக்குள்ளே, ஆண்கள் இல்லாத நேரத்தில் பேசுவதும் மறைப்பதும். லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்ச் சிநேகிதி வாசித்துவிட்டு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, மாளிகாவத்தைக்குத் தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரித்த பின் கேட்டாள்: “ராத்தா, உண்மையாவே இப்படியா?” அந்தக் கேள்வி எம்மவர் நடுவில் பெரும் புயலைக் கிளப்பியது. எமது வீட்டு விடயத்தைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டா, இனி எல்லோரும் எம்மை அப்படித்தான் பார்ப்பார்கள் என்றார்கள் ஒரு சாரார். எமது வீட்டு விடயத்தை எம்மில் ஒருத்தி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது என்றார்கள் மற்றவர்கள். இரண்டாவது கட்சியில் வயது போனவர்களே கூடுதலாக இருந்தது எமக்கு ஆச்சரியம். எழுபது வயது கடந்த ஒரு ராத்தா, நூலை இரண்டு முறை வாசித்தவர், இப்படிச் சொன்னார்: “இதில உள்ளதெல்லாம் நாங்க பேசினதுதான். அவ எழுதிப் போட்டா, அவ்வளவுதான்.” லண்டன் சிநேகிதிக்கு என்ன பதில் போனது என்றால், “எங்கட வீட்டில அப்படி இல்லை, ஆனா எங்களுக்குத் தெரிந்த வீட்டில அப்படித்தான்.” நாவல் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கமான பதில் அது.

அதன் பிறகு கேள்வி மறுபுறமும் போகத் தொடங்கியது. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ வந்தபோது நாம் எடுத்துக் கேட்டோம்: “அங்க உண்மையாவே இப்படியா நடந்தது?” வன்னியில் கடைசிப் போரில் மக்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன கதை. மறுமுனையில் நெடுநேரம் சத்தம் இல்லை. பிறகு அவள் தன் சகோதரியின் குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். அதுவரை எங்களில் ஒருவருக்கும் அவள் சொல்லாதது. ஏறாவூர் ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ வந்தபோது கேள்வி கேட்க இரு பக்கமும் ஒரே ஊர்ப் பேச்சாக இருந்தது. கிழக்கில் போர் தொட்ட மூன்று பெண்களின் கதை அது, அதில் தமிழரும் இருக்கிறார்கள், முஸ்லிமும் இருக்கிறார்கள். அந்த நாவலின் கலைத்தரம் பற்றி எம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை. பிரசங்கம் கூடிவிட்டது என்று சிலர் நினைக்கிறோம். 1990ஐப் பற்றியும் 1983ஐப் பற்றியும் ஒரே மாலையில் பேச முடிந்தது அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டதால்தான். நேரடியாகக் கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டோம். “அவள் ஏன் அப்படிச் செய்தாள்?” என்று கதையில் வரும் பெண்ணைப் பற்றிக் கேட்கலாம். “நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?” என்று கேட்பது வேறு.

இப்போது மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் கூடுகிறோம். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் ஒரு வீட்டில் எட்டோ பத்தோ பேர், திரையில் மற்ற நாடுகளில் இருப்பவர்கள். சிட்னிக்காரிக்கு இரவு, ரொறன்ரோக்காரிக்கு விடியற்காலை. மாதம் ஒரு நாவல். பாதியில் விட்டவர்களும் வரலாம், ஆனால் ஏன் விட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அந்தக் காரணங்கள்தான் பெரும்பாலும் கூட்டத்தில் சுவையானவை. முடிவைச் சொல்லலாமா கூடாதா என்பது இன்னும் தீராத வழக்கு. ஓர் இளையவள் போன மாதம் எல்லாவற்றையும் அச்சுக் குலையாமல் சொல்லி முடித்துவிட்டு, “அதுக்காக நீங்க வாசிக்காம விடப் போறீங்களா, மாமி?” என்று கேட்டாள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் அலுமாரியில், உம்மாவின் பெட்டியில், மச்சின் மேல் எங்காவது, கிழித்தெடுத்துக் கட்டிய பழைய தொடர்கதைத் தொகுதி கிடந்தால் பழைய கடதாசிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பாடசாலை நூலகத்தில் அதற்கென ஒரு தட்டு ஒதுக்கித்தர அதிபர் சம்மதித்திருக்கிறார். அனுப்ப முடியாதவர்கள் முன் மட்டையின் உட்புறத்தையும், ஓரத்தில் கிறுக்கிய பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பினால் போதும். கையெழுத்து யாருடையது என்று தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டாலும் அனுப்புங்கள், எம்மில் யாராவது கண்டுபிடிப்போம். வானதிக்காக இரக்கப்பட்டவள் யார் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. அவளுக்குக் கீழே பதில் எழுதியவளைத்தான் இன்னும் தேடுகிறோம்.